கோயில் ஏடுகளில் குடிகளின் வரலாறு

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் கூறும். பாளையக்காரர்களின் வரலாற்றை அவர்தம் வம்சாவளிகள் கூறும். காலின் மெக்கன்சி தொகுத்து வைத்த சுவடிகளில் தென்னாட்டுப் பாளையங்களின் வம்சாவளிகள் பல இருப்பதை வரலாறு பயில்வோர் அறிவர். ஆனால் அந்தப் பாளையங்களில் ஏர் பிடித்த குடியானவனுக்கும், தோல் பதனிட்ட தொழிலாளிக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் வம்சாவளி எழுதி வைத்தவர் யார்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. பாட்டனுக்குப் பாட்டன் பெயர் கேட்டால் நம்மில் பலர் விழிக்க வேண்டியதுதான்.

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் வாழும் கிறித்தவக் குடும்பங்களுக்கு இதில் ஓர் அரிய வாய்ப்பு உண்டு. அவர்களின் முன்னோர் பிறந்தபோதும், மணந்தபோதும், இறந்தபோதும் ஒருவர் பேனாவை எடுத்து ஏட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறார். வரலாறு எழுதுவது அவர் நோக்கமன்று. தம் சமயக் கடமையையே அவர் செய்தார். ஆயினும் அந்த வரிகளை வரிசைப்படுத்தினால் ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது, எவ்வாறு வாழ்ந்தது என்பன புலப்படும். அவற்றை எவ்வாறு படிப்பது, அவை எவற்றைச் சொல்லும், எவற்றைச் சொல்லா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடுகள் தோன்றிய வகை

கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்ற பொதுக் கட்டளை திரிதெந்து சங்கத்தில் 1563ஆம் ஆண்டு பிறந்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஒவ்வொரு பங்கிலும் ஐந்து ஏடுகள் இருக்க வேண்டும் என்று விதித்தது. அவை ஞானஸ்நான ஏடு, உறுதிபூசுதல் ஏடு, திருமண ஏடு, இறந்தோர் ஏடு, 'ஆன்மாக்களின் நிலை' எனப்பட்ட குடும்ப ஏடு என்பனவாம். இவற்றுள் கடைசி ஏடு வீடு வீடாகச் சென்று எழுதிய குடிக்கணக்கைப் போன்றது. ஒரு கூரையின் கீழ் யார் யார் இருந்தனர் என்பதை அது ஒரே பக்கத்தில் காட்டும்.

1907இல் உரோமை ஒரு புதிய ஆணை பிறப்பித்தது. அது 1908ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும், அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும். அங்குள்ள ஞானஸ்நான ஏட்டில் அவர் பெயருக்கு அருகில் அதைக் குறிக்க வேண்டும் என்பது அவ்வாணை. குடிப்பெயர்ச்சியை ஆராய்வோர்க்கு இதனினும் பயனுள்ள விதி வேறில்லை. திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் மணம் முடித்த ஒருவரின் செய்தி, விதிப்படி நடந்திருந்தால், கடல் கடந்து வந்து அவர் பிறந்த ஊர் ஏட்டின் ஓரத்தில் அமர்ந்திருக்கும். ஆகவே ஏட்டைப் புரட்டுவோர் நடு வரியைப் படித்ததோடு நின்றுவிடாமல் ஓரக் குறிப்பையும் படித்தல் வேண்டும்.

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னொரு நன்மை செய்தது. குடும்ப ஏடு நீங்கலாக மற்ற நான்கின் படிகளையும் ஆண்டுதோறும் மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அது பணித்தது. ஊர்க் கோயிலில் கரையான் தின்றுவிட்ட பக்கத்தின் படி வேறிடத்தில் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

சீர்திருத்தச் சபைகளிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு ஏடுகள் உண்டு. இவற்றோடு நற்கருணைக்குரியோர் பட்டியலும், மிஷன் ஆண்டறிக்கைகளும், உபதேசியார்களின் சம்பளக் கணக்குகளும் துணை செய்யும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவர் திருமணச் சட்டத்துக்குப் பின்னர் திருமணப் பதிவு அரசின் கண்காணிப்புக்கும் உள்ளாயிற்று.

ஏடுகள் எங்கே கிடைக்கும்?

திண்டுக்கல் குடும்பத்தின் ஏட்டைத் திண்டுக்கல்லில் மட்டும் தேடினால் போதாது. காரணத்தை அறிய இவ்வட்டாரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606இல். அவர் வழி வந்த மதுரை மிஷனின் பணி இப்பகுதிக்கும் பரவிற்று. 1773இல் உரோமை இயேசு சபையைக் கலைத்தது. பின்னர் சபை மீண்டும் உயிர்பெற்று, 1837இல் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் பல ஊர்களில் குருக்களே அரிதாயினர். ஓர் ஏட்டில் பல்லாண்டு இடைவெளி தென்பட்டால் அக்குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டலாகாது. எழுதுவதற்கு ஆளில்லாமற் போயிருக்கலாம். மேலும் 19ஆம் நூற்றாண்டில் கோவாவைச் சார்ந்த குருக்களுக்கும் உரோமை நேரே அனுப்பிய குருக்களுக்கும் இடையே ஆட்சியுரிமைப் பூசல் நிலவிற்று. அதனால் சில இடங்களில் ஒரே உறவுமுறையினர் இரு பிரிவாகி இருவேறு ஏடுகளில் ஏறினர்.

திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் 1886இல் அமைந்தது. 1938இல் மதுரை தனி மறைமாவட்டமான போதும் திண்டுக்கல் திருச்சியோடேயே இருந்தது. திண்டுக்கல் மறைமாவட்டம் உருவானது 2003இல்தான். வெள்ளோடு, பஞ்சம்பட்டி, மாரம்பாடி, முத்தழகுபட்டி போன்ற ஊர்களின் குடும்பங்களை ஆராய்வோர் திருச்சிக்கும் ஒரு பயணம் செல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையின் ஆவணக் காப்பகம் உள்ளது. குருக்கள் எழுதிய கடிதங்களும் ஊர்க் குறிப்புகளும் அங்கே கிடைக்கும்.

சீர்திருத்தச் சபையின் கதை வேறு. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. அது யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனின் கிளையாகவே வந்தது. மறு ஆண்டே திண்டுக்கல் அதன் நிலையங்களில் ஒன்றாயிற்று. இச்சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. எனவே ஊர் ஏடுகளை உள்ளூர்ச் சபையிலும் மதுரையிலும் தேடலாம். மிஷனின் கடிதங்களோ அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. நம் ஊர் உபதேசியார் ஒருவரின் பெயர் பாஸ்டன் நகருக்கு அருகில் பத்திரமாக இருப்பதும், நம் ஊரில் மறைந்துபோவதும் எண்ணிப் பார்க்கத்தக்கன.

பெயர் என்னும் புதிர்

ஏட்டைத் திறந்தவுடன் மாணவர்க்குத் தோன்றும் முதல் இடர் பெயர்தான். பழைய கத்தோலிக்க ஏடுகள் பெரும்பாலும் இலத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ்; அருளப்பன் யோவான்னஸ்; சூசை யோசேபுஸ்; இன்னாசி இக்னாத்தியுஸ். யாகப்பன், சந்தியாகு என்னும் இரு பெயர்களுக்கும் இலத்தீனில் யாக்கோபுஸ் என்ற ஒரே வடிவமே உண்டு. ஆகவே ஏட்டில் ஒருவராகத் தோன்றுவோர் ஊரில் இருவராக இருந்திருக்கலாம். ஊரில் ஒருவர் ஏட்டில் ஒரு பெயராகவும் நிலப் பட்டாவில் மற்றொரு பெயராகவும் இருந்திருக்கலாம். தந்தை பெயர், தாய் பெயர், ஊர், ஞானப்பெற்றோர் ஆகிய நான்கும் ஒத்து வந்தாலன்றி ஆள் இவர்தான் என்று துணிதல் கூடாது.

பெயர் புதிராக இருப்பதைப் போலவே காலங்காட்டியாகவும் இருக்கிறது. லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகக் கூறப்படுவது 1858இல். எனவே லூர்துமேரி, லூர்துசாமி என்னும் பெயர்கள் அதற்குப் பின்னரே வர இயலும். அருளானந்தர் என நாம் போற்றும் ஜான் டி பிரிட்டோ 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 1947இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். குழந்தை தெரேசம்மாள் புனிதரானது 1925இல். ஆண்டு கிழிந்துபோன பக்கத்தில் இப்பெயர்கள் தென்பட்டால் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

அமெரிக்க மிஷன் வழியில் வேறொரு வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணப் பள்ளிகளில் மாணவர்க்கு உதவிய அமெரிக்கப் புரவலர்களின் பெயர்கள் அம்மாணவர்க்குச் சூட்டப்பட்டன. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களில் இதைக் காணலாம். பழைய மதுரை மிஷன் பட்டியல்களில் இத்தகைய பெயர் வந்தால், அவர் கடல் கடந்து வந்த யாழ்ப்பாணத்தவரோ என்று ஐயுறுவது பொருத்தமே. ஆனால் அந்த ஐயத்தை வேறு சான்று கொண்டு உறுதி செய்தல் வேண்டும்.

திருமண வரியில் மறைந்துள்ள உறவு

மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது நம் வழக்கம். திருச்சபைச் சட்டமோ நெருங்கிய உறவில் திருமணத்தைத் தடுத்தது. 1917 வரை நான்காம் படி உறவு வரை தடை இருந்தது. அச்சட்டத் தொகுப்பு அதை மூன்றாம் படியாகக் குறைத்தது. தடையை நீக்க மேலிடத்து விலக்கு பெற வேண்டும். விலக்கு பெற்ற செய்தியும் உறவின் படியும் திருமண ஏட்டில் குறிக்கப்படும்.

குரு இதைச் சட்டத்துக்காக எழுதினார். நமக்கோ இது குடும்ப மரத்தின் கிளையைக் காட்டும் குறிப்பு. 'இரண்டாம் படி' என்று இருந்தால் மணமக்களுக்குப் பாட்டன் பாட்டி பொது என்பது பொருள். தமிழர் வழக்கில் பங்காளி முறையில் பெண் கொள்வதில்லை. ஆதலின் மணமகள் மாமன் மகளாகவோ அத்தை மகளாகவோ இருந்திருக்க வேண்டும் என்று துணியலாம். 'முதற்படியைத் தொட்ட இரண்டாம் படி' என்றிருந்தால் அது அக்காள் மகளை மணந்த செய்தி. இத்தகைய வரிகள் தொடர்ந்து வரும் குடும்பம் சில ஊர்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழ்ந்தது என்றும், திடீரென அவை நின்றால் அக்குடும்பம் வெளியூர்த் தொடர்பு பெற்றது என்றும் ஊகிக்க இடமுண்டு.

பெண்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வீட்டில் எழுதும் வம்சாவளி பெரும்பாலும் ஆண் பெயர்களின் ஏணி. ஞானஸ்நான ஏடோ தாயின் பெயரையும் ஞானத்தாயின் பெயரையும் எழுதி வைக்கிறது. பேறுகாலத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது வழக்கமாதலால், தலைப்பிள்ளையின் பெயர் தந்தையின் ஊரில் இல்லாமல் தாயின் ஊர் ஏட்டில் இருப்பதுண்டு. அதைத் தேடிப் போகிறவர்க்குப் பாட்டியின் பிறந்தகமும் தெரிய வரும்.

ஒரு முன்னோடிக் குடும்பம்

இம்முறை எவ்வாறு பயன்படும் என்பதை நாடறிந்த ஒரு குடும்பத்தைக் கொண்டு விளக்குவோம். திண்டுக்கல் உள்ளிட்ட மதுரை மிஷன் சபைகளுக்குப் பாட்டுக் கொடுத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் குடும்பமே அது.

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை கிறித்தவராகித் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டவர். முதலில் கத்தோலிக்கராக இருந்து பின்னர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தார். ஒரு தலைமுறைக்குள் பெயரும் சபையும் மாறியதை இங்குக் காண்கிறோம். வேளாளர் ஏட்டிலும் கத்தோலிக்க ஏட்டிலும் சீர்திருத்தச் சபை ஏட்டிலும் மூன்று வேறு மனிதராகத் தோன்றக்கூடியவர் ஒருவரே.

பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டைக் கால்டுவெல் தம் திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் 1881இல் எடுத்துக் காட்டினார். அதில் 40 பேர் உள்ளனர். முதற்பெயர் கிளாரிந்தா என்னும் பெண்மணியுடையது. அவர் தஞ்சையிலிருந்து வந்த மராத்திய அந்தணக் கைம்பெண். தென்கோடிச் சபையொன்றின் முதல் வரியே குடிபெயர்ந்து வந்த ஒரு பெண்ணின் பெயராக இருப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அக்கிளாரிந்தாவின் ஊருக்கு எதிர்த்திசையில் சிறுவன் வேதநாயகம் பயணமானான். 1785இல் திருநெல்வேலிக்கு வந்த ஷ்வார்ட்ஸ் ஐயர் அவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் பயின்ற அவர் பின்னர்த் தஞ்சையில் ஆசிரியரானார். 'பெத்லகேம் குறவஞ்சி' முதலியவற்றைப் பாடினார். இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்றார். 1864இல் மறைந்தார். தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பாதுகாக்கப்படுகின்றன. வழித்தோன்றல்கள் அவருடைய பாடல்களைப் பாடியும் காத்தும் வந்தனர். இவ்வாறு ஊர் ஏடு, மிஷன் ஆவணம், குடும்பச் சேமிப்பு என்னும் மூன்றும் சேரும்போதுதான் ஒரு குடும்பத்தின் வரலாறு நிறைவு பெறுகிறது.

அவருடைய பாடல்கள் மதுரை நாட்டுக்கு வந்த வழியையும் அறிவோம். மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்களே அத்தொகுப்புக்குப் பெருந்துணை. அதன் பின் அவை மிஷன் சபைகளின் வழிபாட்டில் இடம் பெற்றன.

பெருமையும் உண்மையும்

இக்குடும்ப வரலாற்றில் கசப்பான பகுதியும் உண்டு. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் கோயிலில் சாதிவாரி இருக்கையை ஒழிக்க முயன்றனர். பழைய பாட்டு வழக்கங்களையும் மாற்ற முனைந்தனர். சாஸ்திரியார் அவர்களை எதிர்த்தார். சாதி வேற்றுமையைத் திருத்த முனைவது அறியாமை என்று 1829இல் ஒரு நூலும் எழுதினார். 1833இல் பேராயர் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சைச் சபை பிளவுற்றது. மதுரை மிஷனிலும் 1847இல் சாதியைக் கைவிடாத ஊழியர் நீக்கப்பட்டனர். பலர் தாமே வெளியேறினர்.

பாட்டுக்காக அவரைப் போற்றுகின்ற நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் அது வரலாறாகாது. பழைய ஏடுகள் பலவற்றில் பெயரை அடுத்துச் சாதியும் எழுதப்பட்டிருக்கும். சிலர் அந்தச் சொல்லைத் தம் உயர்வுக்குச் சான்றாகக் காட்டுவர்; வேறு சிலர் அதை அழித்துவிட விரும்புவர். இரண்டும் தவறே. 'எல்லாரும் ஒரே மந்தை' என்று போதித்த கோயிலிலும் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் இருந்தன என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. சாட்சியை அழிப்பதால் குற்றம் அழியாது.

பஞ்சமும் தேயிலையும்

திண்டுக்கல் சமவெளிக் குடும்பங்களின் ஏட்டில் நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய காலம் 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம். அவ்வாண்டுகளின் இறந்தோர் ஏட்டைப் பார்த்துவிட்டு, அடுத்துவரும் ஞானஸ்நான ஏட்டையும் பார்க்க வேண்டும். பெயர்கள் நின்றுபோன குடும்பங்கள் மாண்டனவா, பெயர்ந்தனவா என்பது ஆராய வேண்டிய கேள்வி. 1875இல் திருச்சி, மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாக அமைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இவற்றால் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் வழி எளிதாயிற்று. கங்காணியின் பின்னே சென்றவர்களின் பிள்ளைகள் மலைநாட்டுக் கோயில் ஏடுகளில் உள்ளனர்.

1964இல் சாஸ்திரி, சிறிமாவோ உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி தாயகம் திரும்பியோர் பலர் கொடைக்கானல் மலையிலும் அதன் அடிவாரத்திலும் குடியமர்ந்தனர். அவர்களிற் பலர்க்குப் பாட்டனின் ஊர்ப்பெயர் மட்டுமே நினைவில் இருந்தது. இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஞானஸ்நானச் சீட்டும், இங்குள்ள பழைய ஏட்டின் ஓரக் குறிப்பும் ஒத்துப் போகுமானால், அறுந்த உறவு மீண்டும் இணையும். ஏட்டு ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதுவே போதும்.

நாம் செய்ய வேண்டுவன

ஆராயத் தொடங்கும் மாணவர் முதலில் கோயிலுக்கு ஓட வேண்டாம். வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர், ஊர், உறவு ஆகியவற்றை எழுதிக் கொள்க. அடுத்துக் கல்லறைத் தோட்டத்துக் கல்லெழுத்துகளைப் படிக்க. அதன் பின் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முறைப்படி இசைவு பெற்று ஏட்டைக் காண்க. கிளைக் கிராமத்துப் பதிவு தலைமைப் பங்கில் இருக்கும் என்பதை நினைவிற் கொள்க. கண்டதைக் கண்டவாறே படியெடுக்க. எழுத்துப்பிழையையும் திருத்த வேண்டா. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் நிலப் பட்டாவும் ஒப்பிட உதவும்.

இன்னொரு கடமையும் உண்டு. ஏட்டில் மானம் சார்ந்த செய்திகளும் இருக்கும். தந்தை பெயர் எழுதப்படாத குழந்தையின் வரியையும் நாம் காண நேரிடும். அதை ஊரில் பேசுபொருளாக்குவது ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

பழுப்பேறிய அந்த ஏடுகள் நம் கண்ணெதிரே உதிர்ந்து கொண்டிருக்கின்றன. கரையானும் ஈரமும் நமக்காகக் காத்திருக்கமாட்டா. ஒவ்வொரு பங்கிலும் நான்கு மாணவர்கள் முன்வந்து, உரியவர்களின் இசைவோடு ஏடுகளைப் படமெடுத்துப் பட்டியலிட்டால், அரசர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த வம்சாவளி இவ்வட்டாரத்து உழவர்க்கும் தொழிலாளர்க்கும் உரியதாகும். அவ்வாறு எழுதிப் பார்க்கும்போது, இம்மண்ணின் மூத்த குடி என்று தம்மைக் கருதும் குடும்பங்களிற் பலவும் என்றோ ஒருநாள் மூட்டை முடிச்சோடு வேறோர் ஊரிலிருந்து வந்தவையே என்பது தெரிய வரும். அந்த அறிவு நம்மிடையே பணிவை வளர்க்குமானால், ஏட்டைக் காத்த உழைப்பு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.